முடிச்சு போட்டவளுக்கு என்ன?

ஹவோரி என்று ஒரு ஜப்பானியச் சட்டை இருக்கிறது. சட்டை என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. கிமோனோவுக்கு மேலே போட்டுக்கொள்கிற மேலங்கி. தொடை வரைக்கும் வரும். பொத்தான் கிடையாது. முன்பக்கத்து இரண்டு ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சும்மா தொங்கும். நடுவே ஒரு சின்னக் கயிறு, அதை முடிந்துகொள்ள வேண்டும். கை இரண்டும் தலையணை உறை மாதிரி சதுரமாக இருக்கும். ஆரம்பத்தில் இது ஆண்களின் உடுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) ஃபுககாவா பகுதி கெய்ஷாக்கள், 'ஏன், நாங்க போட்டா ஆகாதா?' என்று எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பிற்பாடு அது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் வந்துவிட்டது.

இந்தச் சட்டைக்கு இப்போது உலகம் பூரா கிராக்கி. புதுசுக்கு இல்லை, பழசுக்கு. ஐம்பது, அறுபது வருஷத்துப் பட்டு ஹவோரிகளை 'விண்டேஜ் கிமோனோ ஜாக்கெட்' என்று பெயர் மாற்றி, ஜீன்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் மேல் மாட்டி, செங்கல் சுவர் பின்னணியில் படம் எடுத்து இணையத்தில் விற்கிறார்கள். நீங்களும் இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். அழகான சட்டைதான், ஆட்சேபணை இல்லை. எனக்குக் கோபம் வருவது அதன் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்து. 'இதை வாங்குவதன் மூலம் ஒரு பாரம்பரியக் கைத்தொழிலை நீங்கள் வாழவைக்கிறீர்கள்' என்கிற தொனியில் நாலு வரி எழுதியிருக்கும்.

பச்சைப் பொய். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்தச் சட்டையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பழைய ஹவோரிகளில் பல ரகம். அதில் ரசிகர்கள் தேடிப் போகிற ரகம், உடம்பு முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளி வைத்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் துணி பாகற்காய்த் தோல் போலக் குட்டிக் குட்டிப் புடைப்புகளோடு, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும். இதுதான் ஷிபோரி. ஜப்பானிய மொழியில் பிழிவது, நெருக்குவது என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்த சொல். துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்த பிறகு கட்டை அவிழ்ப்பது. கட்டின இடத்தில் சாயம் ஏறாது. நம்ம மதுரைச் சுங்குடியும் குஜராத்தின் பாந்தனியும் இதே வித்தைதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கியோட்டோவில் பட்டில் செய்வதற்குக் கனோகோ என்று பெயர். கனோகோ என்றால் மான்குட்டி. மான்குட்டி முதுகுப் புள்ளி. முதலில் ஒருவர் டிசைன் வரைவார். அதை ஓட்டைகளாகத் தாளில் குத்தி, துணியின் மேல் வைத்து, ஒரு பூவிலிருந்து எடுத்த நீல நிறத்தால் தடவுவார்கள். தண்ணீர் பட்டால் போய்விடுகிற நீலம். அந்த நீலப் புள்ளி ஒவ்வொன்றையும் விரல் நுனியால் கிள்ளி, நாலாக மடித்து, மெல்லிய பட்டு நூலால் பல சுற்று சுற்றி இறுக்க வேண்டும். உச்சி மட்டும் கடுகளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சாயம் ஏறுவதால்தான் அவிழ்த்த பிறகு ஒவ்வொரு வெள்ளைச் சதுரத்தின் நடுவிலும் கண்மணி மாதிரி ஒரு வண்ணப் பொட்டு. ஒரு முழு கிமோனோவை இப்படிப் புள்ளியாலேயே நிரப்ப ஒன்றரை லட்சம் முடிச்சுக்கு மேல் ஆகும். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஹவோரி கொஞ்சம் சின்னது. ஒரு லட்சம் முடிச்சு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முடிச்சுக்கு அரை நிமிஷம். ஒரு லட்சத்துக்கு 50,000 நிமிஷம், அதாவது 833 மணி நேரம். சமையல், துவைக்கிறது, பிள்ளைகள் எல்லாம் போக ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார முடிந்தால் நாலரை மாசத்துக்கு மேல். மணிக்கு வெறும் 50 ரூபாய் கூலி போட்டாலும் முடிச்சுக்கு மட்டும் 41,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பட்டுத் துணி, சாயம், டிசைன், தையல், லைனிங் எல்லாம் தனி. ஜப்பானில் மணிக்கு 50 ரூபாய்க்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டை இப்போது என்ன விலைக்குப் போகிறது? கியோட்டோவில் மாதாமாதம் 21-ஆம் தேதி தோஜி கோயில் வளாகத்தில் சந்தை கூடும். 25-ஆம் தேதி கிதானோ தென்மாங்கு கோயிலில். பழைய கிமோனோக்களும் ஹவோரிகளும் நம்ம ஊர் பிளாட்பாரத்து நைட்டி மாதிரி குவிந்து கிடக்கும். 1,000 யென், 3,000 யென் என்று கிளறி எடுக்கலாம். 1,000 யென் என்பது நம் பணத்தில் சுமார் 600 ரூபாய். அதே சட்டை கடல் தாண்டினால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஆகும்.

இந்தப் பணம் யார் யாருக்குப் போகிறது என்று யோசியுங்கள். பாட்டி இறந்ததும் அலமாரியைக் காலி செய்த பேரனுக்குக் கொஞ்சம். மூட்டையாக வாங்கிய வியாபாரிக்கு, ஏலக்காரருக்கு, ஏற்றுமதி செய்தவருக்கு, கடைக்காரருக்கு, கூரியர் கம்பெனிக்கு. ஏன், செங்கல் சுவருக்கு முன்னால் படம் எடுத்தவருக்குக்கூட உண்டு. முடிச்சு போட்டவளுக்கு? ஒரு யென் கிடையாது. அவளுக்கு முடிச்சுக் கணக்கில் அன்றைக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அவளுடைய மகளோ பேத்தியோ இன்றைக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால், அவளுக்கும் இந்த விற்பனையால் ஒரு பைசா வரவில்லை. அப்புறம் எந்தத் தொழிலை யார் வாழவைத்தது?

'நேரடியாக வராவிட்டாலும், பழசைப் பார்த்து ஆசை வந்து நாளைக்குப் புதுசு வாங்குவார்கள் இல்லையா?' என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது நேர் எதிர். 3,000 யென்னுக்கு ஒரு லட்சம் முடிச்சு கிடைத்துப் பழகினவருக்குப் புதுத் துணியின் விலையைச் சொன்னால் கொள்ளை என்பார். இன்றைக்குக் கட்டுகிற பெண், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கட்டி முடித்து, கூலி வாங்கி, செத்தும் போன இன்னொரு பெண்ணோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. செத்தவளுக்குச் சாப்பாட்டுச் செலவு கிடையாது. யார் ஜெயிப்பார்கள்?

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் கிமோனோ சார்ந்த சந்தையின் மதிப்பு சுமார் 1.8 லட்சம் கோடி யென். 2010-களில் அது 30,000 கோடி யென் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆறில் ஒரு பங்கு. பழசு விற்பதால் இந்தச் சரிவு வந்தது என்று சொல்லவில்லை. வாழ்க்கை மாறியது, கோட்டும் பாவாடையும் வந்தன, கிமோனோ கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் என்று ஆகிவிட்டது. ஆனால் சரிந்து கிடக்கிற வீட்டின் ஜன்னல், கதவை எடுத்து விற்றுக்கொண்டு 'வீட்டைக் காப்பாற்றுகிறோம்' என்று பேசக் கூடாது, அவ்வளவுதான்.

பேர் தெரியாத கை என்பது இந்தக் கதையில் புதுசும் இல்லை. 1600-களின் தொடக்கத்தில் தொகுகாவா இயேயாசு ஒரு மேலங்கியைப் பரிசாகக் கொடுத்தார். ஹவோரிக்கு மூதாதையான தோபுகு என்கிற அங்கி. வாங்கினவர் இவாமி வெள்ளிச் சுரங்கத்தில் பெரிய வெள்ளிப் படிவம் கண்டுபிடித்துக் கொடுத்த யசுஹாரா தென்பெய். அது சுஜிகஹானா என்கிற பழைய ஷிபோரி வேலை. அந்த அங்கி இன்றும் பத்திரமாக இருக்கிறது. கொடுத்தவர் பெயர் தெரியும், வாங்கினவர் பெயர் தெரியும், எதற்காகக் கொடுத்தார் என்றும் தெரியும். முடிச்சு போட்டது யார் என்று எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கூத்து 1683-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், இஷிகாவா ரோகுபெய் என்கிற எடோ வணிகரின் மனைவி ஷோகுனின் ஊர்வலத்துக்கு முன்னால் பகட்டாக உடுத்திக்கொண்டு நின்றாள். ஷோகுன் சுனயோஷிக்கு வந்ததே கோபம்! சொத்தைப் பறித்து, குடும்பத்தை ஊரைவிட்டே அனுப்பினார். 1683-இல் சட்டமே வந்தது. பெண்கள் உடுப்பில் தங்க இழை கூடாது, எம்பிராய்டரி கூடாது, உடம்பு முழுக்கக் கனோகோ கூடாது. அந்த மூன்றாவதைக் கவனியுங்கள். வெறும் நூலும் சாயமும்தான். தங்கத்துக்குச் சமமாக அதைச் சேர்த்துத் தடை போட்டார்கள் என்றால், ஒரு லட்சம் முடிச்சுக்கு என்ன விலை என்று அந்தக் கொடுங்கோலர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை.

சட்டம் வந்தால் டூப்ளிகேட் வராமல் இருக்குமா? வெட்டின தாளை வைத்துப் புள்ளிகளை அச்சடித்தார்கள். அதோடு விடவில்லை. கனோகோவில் புடைப்பு இருக்குமே? அச்சடித்த துணியைப் பின்பக்கமிருந்து புள்ளி புள்ளியாகக் குத்தித் தூக்கிவிட்டார்கள். உச்சிதாஷி கனோகோ என்று பெயர். அடேயப்பா! இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் பாருங்கள். (போலி செய்கிறவன்கூட அந்தக் காலத்தில் உழைத்திருக்கிறான்.)

இப்போதைய போலிக்கு அந்த உழைப்பும் இல்லை. நம் ஊர்க் கடைகளிலேயே 'ஷிபோரி பிரிண்ட்' என்று குர்த்தி தொங்குகிறது. முடிச்சு போட்ட துணியைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, பாலியெஸ்டரில் அடித்துத் தள்ளுகிறார்கள். கட்டினால்தான் ஷிபோரி. பிரிண்ட் என்றால் கட்டவே இல்லை. 'ஷிபோரி பிரிண்ட்' என்பது 'கை படாத கைமுறுக்கு' மாதிரி. பிரிண்ட் போடுவதில் எனக்கு விரோதம் இல்லை. எல்லாராலும் ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடியாது, புள்ளி வைத்த துணி உடுத்த எல்லாருக்கும் உரிமை உண்டு. பூப்போட்ட பிரிண்ட், புள்ளி போட்ட பிரிண்ட் என்று சொல்லி விற்றுவிட்டுப் போங்களேன். கட்டுகிறவளிடம் மிச்சம் இருப்பதே அந்தப் பெயர் ஒன்றுதான், அதையும் ஏன் திருடுகிறீர்கள்?

பெயர் என்றதும் இன்னொன்று. 'ஜப்பானியப் பெண்கள் தங்கள் கையால் கட்டியது' என்று பழைய ஹவோரியோடு ஒரு கதையும் சேர்த்து விற்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 1960-களிலிருந்தே ஜப்பானில் கூலி ஏற ஏற, முடிச்சு வேலை கடல் தாண்டிக் கொரியாவுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. ஹோல்ச்சிகி என்று அதற்குக் கொரிய மொழியில் பெயர். 60-களிலும் 70-களிலும் அந்த நாட்டுக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து ஜப்பானியப் பட்டில் முடிச்சு போட்டார்கள். அங்கேயும் கூலி ஏறியதும் வேலை சீனாவுக்குப் போனது. முழுப் புள்ளி ஹவோரி ஜப்பானில் பெரிய ஃபேஷனாக இருந்ததும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். ஆக, அட்டையில் கியோட்டோ என்று போட்டிருக்கிற சட்டையைக் கொரியாவின் ஏதோ ஒரு கிராமத்தில் ஒருத்தி மண்ணெண்ணெய் விளக்கடியில் கட்டியிருக்கக்கூடும். துணியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. சொல்ல யாருக்கும் அக்கறையும் இல்லை.

பழைய சட்டையை வெட்டிப் பை தைக்கிறார்கள், குஷன் உறை தைக்கிறார்கள் என்று சிலர் கண்ணீர் விடுகிறார்கள். அந்தக் கண்ணீரில் நான் பங்கெடுக்கவில்லை. ஜப்பானியர் துணியைக் கும்பிட்டு மூலையில் வைத்தவர்கள் இல்லை. கிமோனோவானாலும் ஹவோரியானாலும் ஒரே முழ அகலத் துணியை நேர் நேராக நறுக்கிக் கையால் தைத்தது. நூலைப் பிரித்தால் பழையபடி நீளத் துண்டுகளாகிவிடும். பிரித்து, துவைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக இழுத்துக் காயவைத்து, மறுபடி தைப்பார்கள். கறை விழுந்த கிமோனோ ஹவோரியாகும். ஹவோரி நைந்தால் பிள்ளைக்குச் சட்டை, அதுவும் நைந்தால் மெத்தை உறை. நம் பாட்டிகள் பழம்புடவையில் தூளி கட்டின மாதிரி. அதனால் கத்தரிக்கோலைக் குற்றம் சொல்ல மாட்டேன். மெத்தை உறை தைத்த ஜப்பானியப் பாட்டி 'நான் பாரம்பரியத்தை மீட்டெடுக்கிறேன்' என்று அட்டை எழுதி மாட்டவில்லை. துணி வீணாகக் கூடாது என்று தைத்தாள். பழைய ஹவோரி வாங்குகிறவர்களும் அப்படிச் சொன்னால் சரி. பழசை வாங்கினேன், மலிவாகக் கிடைத்தது, குப்பைக்குப் போகாமல் தடுத்தேன். நேர்மையான பேச்சு. கை குலுக்குகிறேன்.

'பழைய துணிகள் இருந்தால்தானே நாளைக்கு யாராவது பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும்?' என்று கேட்பவர்களுக்கு இட்சிகு குபோதாவின் கதை. 1917-இல் பிறந்தவர். இருபது வயதில் டோக்கியோ அருங்காட்சியகத்தில் பழைய சுஜிகஹானாத் துணியின் துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார். மணிக்கணக்கில் அசையாமல் நின்றாராம். எப்படிச் செய்தார்கள் என்று சொல்லித்தர ஆள் இல்லை. அந்த வித்தை சில நூற்றாண்டுக்கு முன்னாலேயே வழக்கொழிந்துவிட்டது. நடுவில் யுத்தம். சைபீரியாவில் ரஷ்யர்களிடம் கைதியாக இருந்து 1948-இல் திரும்பினார். அப்புறம் பல வருஷம் முட்டி மோதினார். அந்தக் காலத்துப் பட்டுத் துணியையே இப்போது யாரும் நெய்வதில்லை, அசல் மாதிரி வரவில்லை. கடைசியில் வேறு பட்டு, செயற்கைச் சாயம் என்று தன் வழிக்கு மாற்றிக்கொண்டு, தன் பெயரையும் சேர்த்து 'இட்சிகு சுஜிகஹானா' என்று வைத்தார். முதல் கண்காட்சி 1977-இல். அப்போது அவருக்கு வயது அறுபது.

மகா கலைஞர், சந்தேகமில்லை. ஃபூஜி மலைப் பக்கம் கவாகுச்சிகோவில் 1994-இல் திறந்த அவருடைய மியூசியத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு துணித் துண்டைப் பார்த்து, ஒரு மேதை, நாற்பது வருஷம் செலவழித்தும், பழைய வித்தையை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியவில்லை. துணி என்ன செய்தார்கள் என்று காட்டும். எவ்வளவு இறுக்குவது, எந்த விரலால் பிடிப்பது, எப்போது விடுவது என்பதெல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, 'அப்படி இல்லடி, இப்படி' என்று கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியது.

அந்த ஒருத்தி இப்போது எங்கே இருக்கிறாள்? நகோயாவுக்குப் பக்கத்தில் அரிமட்சு என்று ஓர் ஊர். (இன்று நகோயா மாநகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது.) 1608-இல் எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொகாய்தோ நெடுஞ்சாலையில் புதிதாகக் குடியேற்றிய ஊர். விவசாயத்துக்கு நிலம் போதவில்லை. தகேதா ஷோகுரோ என்பவர் பருத்தித் துணியில் முடிச்சு போட்டுச் சாயம் தோய்த்து, சாலையில் போகிற யாத்ரீகர்களுக்குக் கைத்துண்டாக விற்க ஆரம்பித்தார். ஊருக்குத் தொழில் கிடைத்துவிட்டது. ஹிரோஷிகேயின் தொகாய்தோ ஓவியங்களில் பக்கத்து ஊரான நருமி வரும் இடத்தில் இந்தத் துணிக்கடைகளைப் பார்க்கலாம். 1784-இல் ஊரே எரிந்தது. திரும்பக் கட்டிக்கொண்டு மறுபடி முடிச்சு போட்டார்கள். 1880-இல் சுசுகி கனேசோ என்பவர் நீளமான கழியில் துணியைச் சுற்றி நூல் கட்டிச் சுருக்கித் தள்ளி, சாய்வாக மழை பெய்கிற மாதிரி ஒரு கோலம் கண்டுபிடித்தார். அதற்கு அரஷி, அதாவது புயல் என்று பெயர். அரிமட்சு, நருமி ஷிபோரிக்கு 1975-இல் அரசாங்கம் மரபுக் கைத்தொழில் என்று அங்கீகாரம் கொடுத்தது, கியோட்டோவின் கனோகோவுக்கு 1976-இல்.

இந்த ஊரில் நூறு வகைக்கு மேல் முடிச்சு உண்டென்று சொல்வார்கள். ஆனால் ஒருத்திக்கு ஒரு வகைதான். சிலந்தி வலை போலக் கட்டுகிறவள் வாழ்நாள் முழுக்க அதையே கட்டுவாள். ஊசியில் தைத்துச் சுருக்குகிறவளுக்கு அது மட்டும்தான். தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று போகும். கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று வயதானவர்கள். ஒரு கிழவி கண் தெரியாமல் நிறுத்திக்கொண்டால், வாரிசு இல்லாவிட்டால், அந்த வகையும் அன்றோடு நின்றது. நீங்கள் வாங்கிய பழைய ஹவோரியில் அந்த முடிச்சின் தடம் இருக்கும், அவ்வளவுதான்.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அரிமட்சுவில் பரம்பரையாக இந்தத் தொழில் செய்கிற குடும்பத்துப் பையன் ஹிரோயுகி முராசே. ஜெர்மனிக்குப் படிக்கப் போனவர், 2008-இல் டுஸ்ஸல்டார்ஃபில் சுசுசான் என்று ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். கிமோனோ விற்க முயலவில்லை. கம்பளிச் சால்வை, ஸ்வெட்டர், விளக்குக் கூண்டு என்று இன்றைக்கு ஆள் வாங்குகிற பொருள்களில் அரிமட்சுவின் முடிச்சைக் கொண்டுவந்தார். விலை சல்லிசு இல்லை. ஆனால் அந்த விலையில் இன்று உட்கார்ந்து கட்டுகிற விரலுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பழைய ஹவோரியில் இல்லாதது இந்தப் பங்குதான்.

'சார், நான் மிடில் கிளாஸ், எனக்கு ஜெர்மனிக்காரன் சால்வை எல்லாம் கட்டுப்படியாகாது' என்கிறீர்களா? அரிமட்சுவின் தொழில் யாரை வைத்து வளர்ந்தது? வழிப்போக்கனை வைத்து. அவன் பட்டு ஹவோரி வாங்கவில்லை. ஒரு முழத் துண்டு வாங்கினான். அது புதுத் துண்டு. அவன் கொடுத்த காசு அன்று சாயங்காலமே அந்த ஊரில் யார் வீட்டிலோ சோறானது.

ஜப்பான் வரைக்கும்கூட நீங்கள் போக வேண்டாம். மதுரைக்கு வாருங்கள். சௌராஷ்டிரர்கள் குஜராத்திலிருந்து கொண்டுவந்த அதே கிள்ளல், அதே முடிச்சு. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாலை போட்டார்கள், போட்டோ பிடித்தார்கள். இன்று கடையில் 'சுங்குடி கொடுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துப் போடுவது மெழுகு அச்சு, கட்டை அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட். சாயம் நல்லது, துணி நல்லது, கோடைக்கு சுகம், எல்லாம் சரி. முடிச்சு மட்டும் இல்லை. கையால் கட்டியது உள்ளே ஒன்றிரண்டு இருக்கும். விலையைச் சொன்னதும், 'இதே மாதிரி பாதிக்கும் குறைச்சலா அங்க தொங்குதே' என்று பிரிண்டைக் காட்டிப் பேரம் பேசுவோம். கடைக்காரர் அடுத்த தடவை கட்டினதை வாங்கி வைப்பாரா? அவர் என்ன பைத்தியமா? அப்படிப் பேரம் பேசிவிட்டு வந்து, ராத்திரி படுத்துக்கொண்டு போனில் ஜப்பானியப் பழஞ்சட்டைக்கு இதயம் போடுகிறோம்.

கட்டியதா, அச்சடித்ததா என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. திருப்பிப் பாருங்கள். அச்சில் முன்பக்கம் பளிச்சென்றும் பின்பக்கம் மங்கியும் இருக்கும். கட்டினதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. அச்சில் எல்லாப் புள்ளியும் ராணுவம் மாதிரி ஒரே அளவு. கட்டினதில் ஒன்று லேசாகப் பெருத்திருக்கும், ஒன்று கோணியிருக்கும், சாயம் ஓரத்தில் கசிந்திருக்கும். இஸ்திரி போடாத புதுத் துணியானால் தடவிப் பார்த்தாலே விரல் சொல்லிவிடும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்றும் உண்டு. குஜராத்தில் பாந்தனிப் புடவை சிலவற்றை முடிச்சை அவிழ்க்காமலே விற்பார்கள். ஆறு கஜப் புடவை கயிறு மாதிரி சுருண்டு கையளவு மூட்டையாக இருக்கும், அச்சு இல்லை என்பதற்கு அந்த நூலே அத்தாட்சி. பிடித்திருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஒரு முனையையும் கடைக்காரர் மறு முனையையும் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். படபடவென்று சத்தம் கேட்கும். ஆயிரக்கணக்கான நூல் வளையங்கள் தெறித்துக் கால் மாட்டில் கொட்டும். புடவை அகலமாகிக்கொண்டே வரும்.